வீட்டுப் பட்டறைக்கு மிக் வெல்டிங் மெஷின்: காற்றும் உப்பும் குறைந்த வோல்டேஜும் உள்ள ஊரில்

போன சித்திரையில் எங்கள் வீட்டு வாசல் கேட்டின் கீழ்ச்சட்டம் கையோடு வந்துவிட்டது. வெளியே பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது. பையன் பிடித்து ஆட்டியதில் பைப் அப்பளம் மாதிரி நொறுங்கி, உள்ளிருந்து ஒரு கை துரு கொட்டியது. ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப், 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. கனம், வைத்து ஆறு வருஷம்தான். வீடு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் தென்கடல் பக்கம் இருக்கிறது. கச்சான், அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, கிளம்பிவிட்டால் காலையில் துடைத்த ஜன்னல் கண்ணாடியில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு உப்பு படியும். இங்கே இரும்பு வாங்குவது என்பது துருவுக்கு முன்பணம் கொடுப்பதுதான்.

வெல்டரைக் கூப்பிட்டேன், வர முடியவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கடலுக்குப் போகாமல் மராமத்தில் நிற்கும். அந்த இரண்டு மாதமும் மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் கையில் வெல்டிங் ஹோல்டர் பிடிக்கத் தெரிந்த யாரும் சும்மா இருக்க மாட்டார்கள், நம் வீட்டு கேட்டுக்கு எங்கே நேரம். சரி, நாமே ஒட்டிவிடலாம் என்று மச்சானின் பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆர்க் மெஷினைக் கடன் வாங்கி, 12 நம்பர் ராடு போட்டு அடித்தேன். மூன்று மி.மீ. ஆங்கிளில் ஒழுங்காக வரும் என் கை, 18 கேஜ் பைப்பில் ராடு தொட்டதும் ஓட்டை போட்டது. ஆம்பியரைக் குறைத்தால் ராடு ஒட்டிக்கொள்கிறது, ஏற்றினால் ஓட்டை. ஓட்டையை அடைக்கப் போய் அது ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஆனது. 14 நம்பர் மெல்லிய ராடு கிடைத்தால் சமாளித்திருக்கலாம், கேட்ட இரண்டு கடையிலும் இல்லை. அன்றைக்குத்தான் மிக் மெஷின் வாங்கும் எண்ணம் வந்தது. வாங்கி ஒரு வருஷம் ஆகப் போகிறது. கடற்கரையில் வீட்டுப் பட்டறை வைக்க நினைப்பவர்களுக்கு நான் தடுமாறிய இடங்கள் உதவும் என்பதால் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

பட்டறைகளில் மிக் என்று சொல்வதைவிட சிஓ2 வெல்டிங் என்று சொல்வதுதான் அதிகம். ராடுக்குப் பதிலாக மெல்லிய வயர் ஒரு சுருளிலிருந்து தானாகவே கையில் பிடிக்கும் டார்ச் வழியாக வந்துகொண்டே இருக்கும், சுற்றிலும் கேஸ், பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு என்ற சிஓ2, வந்து உருகும் இரும்பைக் காற்று தொடாமல் மூடும். வோல்டேஜை மெஷின் ஒரே அளவில் வைத்திருக்கும், வயர் வேகத்தைக் கூட்டினால் ஆம்பியர் தானாகக் கூடும். 0.8 மி.மீ. வயரில் 50, 60 ஆம்பியரில்கூட ஆர்க் அணையாமல் நிற்கும் என்பதுதான் மெல்லிய பைப்புக்கு இதில் உள்ள வசதி. ஒரு கணக்கு மனதில் வைத்துக்கொண்டால் போதும்: ஒரு மி.மீ. கனத்துக்குச் சுமார் 40 ஆம்பியர். 1.2 மி.மீ. பைப்புக்குச் சுமார் 50, மூன்று மி.மீ.க்கு 120. வீட்டில் நாம் தொடுவது கேட், ஜன்னல் கிராதி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, மீன் பெட்டி வைக்கும் வண்டி, எப்போதாவது வள்ளம் இழுக்கும் டிராலி. இதில் எதற்கும் 200 ஆம்பியருக்கு மேல் தேவைப்படாது. கடைக்காரர் 300 காட்டினால் வாங்க வேண்டாம்.

மெஷின் பார்க்கப் போவதற்கு முன்னால் ராமநாதபுரத்தில் தெரிந்த ஒரு பட்டறை அண்ணனிடம் கேட்டேன். நான் கடைகளின் விலைப்பட்டியலை நீட்டினேன், அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை. "தம்பி, மெஷினைப் பிறகு பார்க்கலாம். முதல்ல உங்க வீட்டு கரண்டைப் பாருங்க" என்றார். எனக்குக் கிடைத்த புத்திமதிகளிலேயே மதிப்பானது அதுதான். வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை பட்டறைக் கொட்டகை பிளக்கில் வைத்து மூன்று நாள் எழுதி வைத்தேன். காலை ஆறு மணிக்கு 225 வோல்ட். மதியம் 205. இரவு ஏழரைக்கு, ஊரில் எல்லா வீட்டிலும் மோட்டாரும் ஃபேனும் ஓடும் நேரத்தில், 182. அதுவும் ஒன்றும் இழுக்காமல் சும்மா இருக்கும்போது. மச்சானின் மெஷினை மாட்டி ஆர்க் அடித்துக்கொண்டு, தங்கையை மீட்டர் பார்க்கச் சொன்னால் 158 என்றாள்.

இதில் பாதிப் பழி என் வயருடையது. வீட்டு மீட்டர் பெட்டியிலிருந்து கொட்டகைக்கு 40 மீட்டர், நான் இழுத்திருந்தது 1.5 சதுர மி.மீ. செம்பு வயர். போக 40, வர 40 என்று 80 மீட்டர், அதன் தடை சுமார் ஒரு ஓம். மெஷின் 18 ஆம்பியர் இழுத்தால் 18 வோல்ட் அந்த வயரிலேயே சூடாகிப் போய்விடும். அதே தூரத்துக்கு 4 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு ஏழு வோல்ட்தான். 6 சதுர மி.மீ. போட்டால் இன்னும் குறைவு. நான் 6 போட்டேன், மெஷின் வாங்குவதற்கு முன்பே. காசு வலித்தது, ஆனால் இந்த வேலையைச் செய்யாமல் எந்த மெஷின் வாங்கியிருந்தாலும் அதைத்தான் திட்டிக்கொண்டிருந்திருப்பேன். இதோடு அளவு மீறினால் கரண்டை வெட்டும் ஒரு 32 ஆம்பியர் எம்.சி.பி., சி டைப், அதற்கேற்ற தொழிற்சாலை சாக்கெட், கரண்டு கசிந்தால் வெட்டும் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த் கம்பி. உப்புத் தரையில் எர்த் குழி நன்றாகவே வேலை செய்யும், ஆனால் குழிக்குள் போகும் பைப்பும் போல்ட்டும் அதே உப்பில் அரித்துப் போகும் என்பதால் வருஷம் ஒரு தடவை தோண்டிப் பார்க்க வேண்டும். வீட்டு இணைப்பின் அனுமதி லோடு எவ்வளவு என்பதையும் மின்வாரிய பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள். வெளி வேலை வாங்கிச் செய்யப் போகிறீர்கள் என்றால் வீட்டு இணைப்பில் செய்யக் கூடாது.

இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் (வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் இல்லை, எலக்ட்ரானிக்ஸில் ஓடும் வகை) பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, வோல்டேஜ் குறைந்தால் அது குறைவாக இழுக்கும் என்று. தலைகீழ். அதே 120 ஆம்பியர் ஆர்க்குக்கு வெளியே சுமார் 20 வோல்ட், 2,400 வாட் வேண்டும். மெஷினின் சொந்த இழப்பும் பவர் ஃபேக்டரும் (இழுக்கும் கரண்டு முழுதும் வேலைக்கு ஆகாத குறை) சேர்ந்து 230 வோல்ட்டில் 17, 18 ஆம்பியர் இழுக்கும் சாதாரண மெஷின், 190 வோல்ட்டில் 21 இழுக்கும். வோல்டேஜ் இறங்க இறங்க வயர் இன்னும் சூடாகும், வோல்டேஜ் இன்னும் இறங்கும், ஒரு கட்டத்தில் மெஷின் மஞ்சள் விளக்கைப் போட்டு நின்றுவிடும். அந்தப் பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் பி.எஃப்.சி. சர்க்யூட் வைத்த மெஷின்கள் மிகக் குறைந்த வோல்டேஜிலும் ஓடும், ஜெனரேட்டரிலும் ஒழுங்காக ஓடும், ஆனால் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான் வயரில் செலவு செய்தேன், மெஷினில் செய்யவில்லை. இரவு ஏழு மணிக்கு வெல்டிங் செய்வதில்லை என்றும் முடிவு செய்துவிட்டேன். காலை வேலைதான். காற்றும் அப்போதுதான் குறைவு, அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம் மதுரை. இங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல், ஆனால் நான்கைந்து கடையைக் கையால் தொட்டுப் பார்த்து வாங்க அதுதான் வசதி, பழுதானால் கொண்டுபோய்க் கொடுக்கவும் அங்கேதான் ஆள் இருக்கிறார்கள். முதல் கடையில் ஒரு மெஷின் எடுத்து வைத்தார்கள், முகப்பில் பெரிய எழுத்தில் 250. விலையும் கவர்ச்சியாக இருந்தது. பின்பக்கம் திருப்பி, ஒட்டியிருந்த ரேட்டிங் பிளேட்டைப் படித்தேன். 160 ஆம்பியர், 25 சதவீதம். அந்த 250 மாடலின் பெயராம், ஆம்பியர் இல்லையாம். கடைக்காரர் இதைச் சொல்லும்போது முகம் மாறவே இல்லை. தயவுசெய்து முகப்பு எண்ணை நம்பி வாங்காதீர்கள். பிளேட்டில் எக்ஸ் என்று போட்ட வரிசையில் சதவீதம் இருக்கும், அதுதான் டியூட்டி சைக்கிள். பத்து நிமிஷத்துக்கு எத்தனை நிமிஷம் தொடர்ந்து அடிக்கலாம் என்பது அதன் அர்த்தம். 25 சதவீதம் என்றால் இரண்டரை நிமிஷம் அடித்து ஏழரை நிமிஷம் ஆறவிட வேண்டும். நிறுத்தாமல் அடிக்க எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று தெரிய அந்தச் சதவீதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் போதும்: 160 ஆம்பியர், 25 சதவீதம் என்றால் 80 ஆம்பியர்தான். நான் கடைசியில் வாங்கியதில் 200 ஆம்பியர், 40 சதவீதம். கணக்குப் போட்டால் 126. மூன்று மி.மீ. ஆங்கிளுக்கு அதுவே போதும், என் கைதான் முதலில் களைக்கும். பிளேட்டிலேயே கரண்டு எவ்வளவு இழுக்கும் என்றும் இருக்கும், அதிகபட்சம் ஒரு எண், சராசரியாகச் சூடாக்கும் அளவு ஒரு எண். என்னுடையதில் 34, 21. சாதாரண 16 ஆம்பியர் பிளக் ஏன் உருகுகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இரண்டாவது பார்த்தது வயர் தள்ளும் பகுதி. பக்கக் கதவைத் திறக்கச் சொன்னேன். மலிவான மெஷின்களில் அந்த ஃபீடர் முழுக்க பிளாஸ்டிக்காக இருக்கும், அழுத்தம் திருகும் கை வளையும். மிக் மெஷினில் முக்கால்வாசித் தொல்லை எலக்ட்ரானிக்ஸில் வராது, வயர் திக்கித் திக்கி வருவதில்தான் வரும். உலோக ஃபீடர், 5 கிலோ சுருள் மாட்டும் இடம், கழற்றி மாற்றக்கூடிய யூரோ கனெக்டர் டார்ச், இந்த மூன்றும் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். டார்ச் மெஷினோடு நிரந்தரமாகப் பொருத்தியிருந்தால், உள்ளே வயர் போகும் குழாயான லைனர் துருப்பிடித்த அன்றைக்கு முழு மெஷினையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

மூன்றாவது, போலாரிட்டி மாற்றும் வசதி. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் முதலாவது என்றுகூடச் சொல்வேன். கேஸோடு சாதா வயர் ஓட்டும்போது டார்ச் பாசிட்டிவ், ஒட்டும் இரும்பைக் கவ்வும் எர்த் கிளாம்ப் நெகட்டிவ். கேஸ் இல்லாமல் ஓடும் ஃப்ளக்ஸ் வயருக்கு, இ71டி-ஜிஎஸ் என்று டப்பாவில் போட்டிருக்கும், டார்ச் நெகட்டிவ், கிளாம்ப் பாசிட்டிவ். சில மெஷின்களில் உள்ளே இரண்டு போல்ட்டைக் கழற்றி மாற்றலாம், சிலதில் முன்பக்கம் ஒரு கேபிளை இடம் மாற்றிக் குத்தினால் போதும், சிலதில் மாற்றவே முடியாது. அந்தக் கடைசி வகை நமக்கு உதவாது. அதே மெஷின் ராடும் அடிக்க வேண்டும் என்பது நாலாவது. மச்சானின் மெஷினை எத்தனை நாள் வைத்துக்கொள்வது.

24,000 ரூபாய் கொடுத்தேன், டார்ச்சும் ஹோல்டரும் கிளாம்ப்பும் சேர்த்து. எந்த மாடல் என்று எழுதவில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெயரை மாற்றுகிறார்கள், நீங்கள் தேடும்போது அது இருக்காது. பிளேட்டைப் படியுங்கள், கதவைத் திறந்து பாருங்கள், கடையிலேயே ஒரு துண்டுப் பைப்பில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை.

சிலிண்டர் இன்னொரு அலைச்சல். எங்கள் பக்கம் சோடா கம்பெனிகளுக்கு சிஓ2 சிலிண்டர் இறக்கும் வண்டி ஒன்று வரும், அவர்களிடம் பேசி ஒன்று ஏற்பாடு செய்தேன். சிஓ2 சிலிண்டரில் மீட்டரைப் பார்த்து மீதி எவ்வளவு என்று சொல்ல முடியாது. உள்ளே திரவமாக இருக்கும்வரை முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும், திரவம் தீர்ந்த பிறகுதான் சரசரவென்று இறங்கும். எடை போட்டுப் பார்ப்பதே வழி. மீன் எடை போடும் தராசு எங்கள் வீட்டில் உண்டு. ஒரு கிலோ சிஓ2 சுமார் 540 லிட்டர் கேஸ், நிமிஷத்துக்கு 12 லிட்டர் வைத்தால் 45 நிமிஷ ஆர்க். விட்டு விட்டு அடிக்கும் வீட்டு வேலைக்கு அது நிறையவே ஓடும். சிலிண்டரை எக்காரணத்துக்கும் படுக்க வைத்து ஓட்டக் கூடாது, திரவம் ரெகுலேட்டருக்குள் வந்துவிடும். நிற்க வைத்துச் சங்கிலி போட்டுக் கட்டுங்கள். ஆர்கான் கலந்த கேஸில் தெறிப்பு குறைவு, தையல், அதாவது ஒட்டிய கோடு, அழகாக வரும், ஆனால் விலையும் அலைச்சலும் அதிகம். கேட்டுக்கு வெறும் சிஓ2 போதும்.

முதல் நாள். வைகாசி கடைசி. கேட்டைக் கழற்றி முற்றத்தில் போட்டு, நல்ல பைப் தெரியும்வரை அறுத்து, புது 16 கேஜ் பைப்பை வைத்து, முழு நம்பிக்கையோடு ட்ரிகரை அழுத்தினேன். சத்தமே சரியில்லை. சரியான மிக் ஆர்க் என்றால் எண்ணெயில் அப்பளம் பொரிவது மாதிரி ஒரே சீராகச் சடசடக்கும், இது வெடித்து வெடித்து நின்றது. தையலைப் பார்த்தால் தேன்கூடு. மேலே முழுக்கச் சின்னச் சின்னத் துளை. கேஸ் போதவில்லை என்று நினைத்து 12 லிட்டரை 25 ஆக்கினேன், இன்னும் மோசம். மெஷின் கெட்டது என்று நினைத்து, கடைக்குப் போன் போட எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கொடியில் காயும் துணி கிழக்கே பார்த்துப் படபடப்பதைக் கவனித்தேன்.

கச்சான். மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகம், அதாவது முகத்தில் மெல்லப் படும் காற்றே போதும், டார்ச் முனையில் கேஸ் வெளிவரும் நாசிலைச் சுற்றி நிற்கும் கேஸைத் தள்ளிவிடும். எங்கள் முற்றத்தில் வைகாசி முதல் ஆவணி வரை அதைவிடக் குறைவான காற்று என்று ஒன்று மதியத்தில் கிடையாது. கேஸை அதிகமாகத் திறந்தால் அது நாசிலிலிருந்து சுழன்று வெளியேறி, பக்கத்துக் காற்றையும் உள்ளே இழுக்கும், அதனால்தான் 25-இல் இன்னும் கெட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு, மேற்குப் பக்கம் பழைய தகரத்தை இரண்டு கம்பத்தில் கட்டி மறைத்து, 12 லிட்டரில் அதே மெஷினை வைத்து அடித்தேன். அப்பளம் பொரிந்தது. மறைப்புக்குக் கிடுகு வைத்துவிடாதீர்கள், ஒரு பொறி போதும். தார்ப்பாயும் வேண்டாம். தகரம்தான்.

கேட்டுக்கு நான் வைத்தது 0.8 வயர், இ.ஆர். 70 எஸ்-6 என்று வரும் சாதாரணச் செம்புப் பூச்சு வயர், 16 வோல்ட் பக்கம், வயர் வேகம் நிமிஷத்துக்கு மூன்றரை மீட்டரை ஒட்டி. டார்ச் முனையில் வயர் வெளிவரும் செம்பு டிப்பிலிருந்து வயர் வெளியே நிற்பது 10 மி.மீ. முழு நீளத்துக்கு ஓட்டாமல், ஒரு மூலையில் இரண்டு செகண்ட், எதிர் மூலையில் இரண்டு செகண்ட் என்று மாறி மாறி டேக் (சின்னப் புள்ளி ஒட்டு) வைத்து, பிறகு இடைவெளிகளை நிரப்பினேன். நிமிர்ந்து நிற்கும் இணைப்புகளில் மேலிருந்து கீழே. ஒரு ஓட்டைகூட விழவில்லை. மெல்லிய பைப்பில் முதல் தடவையாக ஒரு தையல் முழுதாக வந்து நின்றதைப் பார்த்தபோது மாஸ்க்கைத் தூக்கிவிட்டு வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பழைய கேட் ஏன் கெட்டது என்பதும் அறுத்தபோதுதான் தெரிந்தது. கீழ்ச்சட்டத்தின் இரண்டு முனையும் மூடாமல் வெறும் டேக் மட்டும் வைத்திருந்தார்கள். உப்புக் காற்றும் மழைத்தண்ணீரும் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நின்று உள்ளிருந்து அரித்திருக்கிறது. இந்தத் தடவை எல்லா முனையையும் தகடு வைத்து முழுச் சுற்றும் அடைத்தேன். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தில் இணைப்புகளை முழுவதும் வெல்டிங்கில் மூடி, மேலே பாலிசிலாக்ஸேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். 1914-இல் திறந்த பழைய பாலம் அதே காற்றில் எத்தனை மராமத்து கண்டது என்று பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். கேட்டும் பாலமும் ஒன்றல்ல, ஆனால் இரண்டையும் தின்பது ஒரே உப்பு. பெயின்ட் அடிக்கும் முன் தெறிப்பைச் சுரண்டி, கிரைண்டர் விட்டு, பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வெயிலில் காய வைத்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர். கழுவுவதை விட்டுவிட்டால் உப்பு பெயின்ட்டுக்கு அடியில் உட்கார்ந்து ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கிளப்பும். ஒரு ராத்திரி வெறும் இரும்பாக விட்டால் காலையில் ஆரஞ்சு நிறம் வந்திருக்கும்.

ஃப்ளக்ஸ் வயருக்கு ஆடியில் மாறினேன், தொட்டி ஸ்டாண்டு வேலைக்கு. அது மாடியில் அடிக்க வேண்டியது, அங்கே தகரம் கட்டினால் தகரமே பறக்கும். ஒரு கிலோ சுருள் வாங்கி மாட்டி அடித்தேன், பொறி எல்லாப் பக்கமும் பறந்து தையல் கயிறு திரித்தது மாதிரி மேலேயே உட்கார்ந்தது. போலாரிட்டியை மாற்ற மறந்திருந்தேன். கேபிளை மாற்றிக் குத்தியதும் அதே வயர் அடங்கி ஓடியது. இதில் கசடு வரும், ராடு மாதிரித் தட்டி எடுக்க வேண்டும். டார்ச்சைத் தள்ளாமல் இழுத்துக்கொண்டே வர வேண்டும். புகை அதிகம். ஜிஎஸ் வகை வயர் ஒரு தையலுக்குத்தான், ஒன்றின் மேல் ஒன்றாக நிரப்பும் வேலைக்கு அது இல்லை. இத்தனையும் இருந்தும், காற்றில் நின்று ஒட்ட முடிகிறது, சிலிண்டரை மாடிக்குத் தூக்க வேண்டியதில்லை, அதனால் வீட்டுக்கு வெளியே செய்யும் எல்லா வேலைக்கும் இப்போது அதுதான்.

ஸ்டாண்டுக்குப் பழைய ஜி.ஐ. பைப் உபயோகித்தேன், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஜி.ஐ. மேல் உள்ள துத்தநாகப் பூச்சு ஆர்க்கில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதை மூச்சில் இழுத்தால் அன்று இரவு குளிர் காய்ச்சல் மாதிரி நடுங்கும், வாயில் இரும்பு ருசி வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள், அப்படி ஒன்றும் இல்லை. ஒட்டும் இடத்தைச் சுற்றி ஒரு இஞ்ச் பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிடுங்கள், அப்போதும் புகை முகத்துக்கு வராத பக்கம் நின்று, வெல்டிங் புகைக்கான மாஸ்க் போட்டுக்கொண்டு அடியுங்கள். கண்ணுக்குத் தானாக இருட்டாகும் ஹெல்மெட் வாங்குங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கையில் பிடித்து, கண்ணை மூடி டேக் அடித்த என் சித்தப்பா கண்ணில் மணல் கொட்டியது போல் விடிய விடியத் தூங்காமல் கிடந்ததை நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். ஈர மணலில் வெறும் காலோடு நின்று ஹோல்டரைத் தொடாதீர்கள்.

உப்புக்கு எதிராகச் செய்வது கொஞ்சம் இருக்கிறது. வேலை முடிந்ததும் சுருளை மெஷினிலிருந்து கழற்றிவிடுவேன். செம்புப் பூச்சு இருந்தாலும் இரண்டு வாரத்தில் வயரில் புள்ளி புள்ளியாகத் துரு வரும், அந்தத் துரு லைனருக்குள் போய்ச் சேர்ந்து வயர் திக்கும், டிப் அடைக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதில் சுருள். இதனாலேயே மலிவு என்று 15 கிலோ சுருள் வாங்கவில்லை. வருஷத்துக்கு 5 கிலோ தீராத வீட்டில் அது துருவுக்குத்தான் போகும். ஒரு கடையில் வாங்கிய சுருள் பிரித்தபோதே மேல் அடுக்கு பழுப்பாக இருந்தது, மாற்றித் தரவும் இல்லை. அதிலிருந்து கடையிலேயே உறையைப் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். மெஷினை அலமாரியில் துணி போட்டு மூடி வைக்கிறேன், ஓடி முடிந்து ஃபேன் நின்று ஆறிய பிறகு. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பிளக்கைக் கழற்றி அரை மணி நேரம் விட்டு, மூடியைத் திறந்து புளோயரால் மெதுவாக ஊதுவேன். ஃபேன் இழுத்துப் போட்ட உப்புத் தூசியும் கிரைண்டர் இரும்புத் தூளும் சேர்ந்து போர்டில் ஈரம் பிடித்தால் ஷார்ட் ஆகும். உள்ளே பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன, கை வைக்க வேண்டாம்.

வயரைத் தள்ளும் ரோலரின் அழுத்தம் பற்றியும் கேட்பார்கள். டார்ச்சை ஒரு கட்டைத் துண்டிலிருந்து இரண்டு இஞ்ச் தள்ளிச் சாய்த்துப் பிடித்து, ஆர்க் இல்லாமல் வயரை ஓட்டுங்கள். வயர் கட்டையில் முட்டிச் சுருண்டு போனால் சரி, ரோலர் வழுக்கி நின்றால் கால் சுற்று இறுக்குங்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் இறுக்கினால் ஃப்ளக்ஸ் வயர் நசுங்கும். அது உள்ளே பொடி வைத்த குழாய், கம்பி இல்லை.

ராடை நான் விடவில்லை. ஐப்பசிக்கு முன்னால் மச்சானின் வள்ளத்துக்கு டிராலி செய்து கொடுத்தேன். அச்சு வரும் இடத்தில் 6 மி.மீ. பட்டை, அதுவும் பழைய இரும்பு, எவ்வளவு தேய்த்தாலும் குழிக்குள் கொஞ்சம் துரு இருக்கும். கேஸ் மிக் அந்த மாதிரி அழுக்கில் துளை விடும், பார்வைக்கு அழகாக மேலே உட்கார்ந்து உள்ளே பிடிக்காமலும் போகும். வள்ளத்தையும் இன்ஜினையும் சுமக்கும் இணைப்பை அந்த நம்பிக்கையில் விட முடியாது. அதே மெஷினை ராடுக்கு மாற்றி, 10 நம்பர் ராடு, 110 ஆம்பியர், இரண்டு பக்கமும் அடித்தேன். ராடு பாக்கெட்டைப் பிரித்ததும் மூடி இறுகும் டப்பாவில் போட்டுவிட வேண்டும், இந்த ஊர் ஈரத்தில் வெளியே கிடந்தால் பூச்சு பொருபொருவென்று ஆகிவிடும். டிராலி ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வாடைக் காற்றிலும் மழையிலும் ஓடியது, ஒட்டு எதுவும் விடவில்லை. ஒரு சக்கரத்தின் பேரிங் மட்டும் உப்பில் இறுகிவிட்டது, அதற்கு நைலான் புஷ் கடைந்து போடலாம் என்று மச்சான் சொல்கிறார்.

கேட் இன்றைக்கும் நிற்கிறது. கீழ்ச்சட்டத்தில் இடது மூலையில் நகம் அளவு பெயின்ட் கிளம்பியிருக்கிறது, நான் கிரைண்டர் சரியாக விடாத இடம். தடைக்காலம் தொடங்கும் முன் அதைச் சுரண்டிப் பூச வேண்டும். மதுரைக் கடையில் ஃப்ளக்ஸ் வயருக்கான பல் வெட்டிய ரோலர் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் போய் எடுக்க வேண்டும்.